வசனம், வசை, வழக்கு: இந்த மாதக் கடிதங்கள்

மதமும் தன்பாலீர்ப்பும் இணையமும் ஒன்றாக மோதும் கடிதங்கள் இந்த மாதம் இருபதுக்கு மேல். பாதி ஒரே கேள்வி. மீதியில் தேறியவற்றுக்கு இங்கே பதில்.

தன்பாலீர்ப்பைக் கண்டிக்கும் பைபிள் பகுதியான ரோமர் முதல் அதிகாரத்தை வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைத்திருக்கிறேன். என் மேல் கேஸ் போட முடியுமா? (நாசரேத்)

வசனத்துக்காக மட்டும் என்றால் கேஸ் நிற்காது. அதன் கீழே பக்கத்துத் தெருப் பையனின் போட்டோவை ஒட்டி ‘இவனுக்குத்தான்’ என்று எழுதியிருந்தால் கதை வேறு. நம்பிக்கையைச் சொல்கிறீர்களா, ஆளைக் குறிவைக்கிறீர்களா? எல்லாம் இந்த இடத்தில்தான் பிரிகிறது. இந்தப் பத்தி முடிவதற்குள் இதை இன்னும் ஒரு தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னைப் பாவி என்று கமென்ட் போட்டவன் மீது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில் புகார் கொடுத்தேன். ஸ்டேஷனில் வாங்க மறுக்கிறார்கள். (மதுரை)

மறுத்தது சரிதான். அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சிலேயே ரத்து செய்துவிட்டது. பத்து வருஷத்துக்கு முன்னால் செத்த பிரிவைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனால் அவர்கள் என்ன செய்வார்கள்? ‘பாவி’ என்ற ஒரு சொல்லை வைத்து எந்தப் பிரிவிலும் ஒன்றும் ஆகாது. வேறு ஏதாவது எழுதியிருந்தானா? கடிதத்தில் அதைக் காணோம்.

சுவீடனில் பைபிளைப் பிரசங்கித்த பாஸ்டரைச் சிறையில் அடைத்துவிட்டார்களாமே! நம் நாட்டுக்கும் இது வர எவ்வளவு நாள் ஆகும்? (திருநெல்வேலி, தாம்பரம், தோஹா, இன்னும் ஏழு பேர்)

பத்துப் பேரும் ஒரே ஃபார்வர்டைத்தான் படித்திருக்கிறீர்கள். எழுத்துப்பிழைகூட மாறவில்லை. எங்கள் வீட்டுக் குடும்ப குரூப்பிலும் இது வருஷத்துக்கு இரண்டு முறை வரும், கைகூப்பும் பொம்மையோடு.

நடந்தது இது. ஓலாண்ட் என்ற தீவில் போர்கொல்ம் என்றொரு சின்ன ஊர். அங்கே பெந்தெகொஸ்தே போதகர் ஓகே கிரீன் 2003 ஜூலையில் ஒரு பிரசங்கம் செய்தார். கேட்டவர்கள் சுமார் ஐம்பது பேர். வசனத்தை வாசித்ததோடு அவர் நிற்கவில்லை. தன்பாலீர்ப்பைச் சமூகத்தின் உடம்பில் வந்த புற்றுநோய்க் கட்டி என்ற தோரணையில் பேசினார். ஒரு சமூகத்தின் மீது வெறுப்பைத் தூண்டுவதைத் தடுக்கும் சட்டத்தில் பாலீர்ப்பையும் சேர்த்து அப்போது ஆறேழு மாதம்தான் ஆகியிருந்தது. 2004இல் கீழ் நீதிமன்றம் ஒரு மாதச் சிறை என்றது. ஃபார்வர்ட் இதோடு முடிந்துவிடுகிறது.

வழக்கு முடியவில்லை. 2005 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுவித்தது. அதே வருஷம் நவம்பரில் உச்ச நீதிமன்றமும் விடுவித்தது. அவரை விடுவித்து இருபது வருஷம் ஆகிவிட்டது, நம் குரூப்களில் மட்டும் மனுஷன் இன்னும் கம்பி எண்ணிக்கொண்டிருக்கிறார்.

அவர் விடுதலையானதைக் கொண்டாடும் நண்பர்களுக்கும் இதில் ஒரு கசப்பு உண்டு. அந்த உச்ச நீதிமன்றம் ‘நன்றாகப் பேசினீர்கள்’ என்று சொல்லி அவரை விடவில்லை. சுவீடன் சட்டத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் பேச்சு குற்றத்துக்குள் வரும். ஆனால் தண்டித்தால் ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கை தரும் மத, பேச்சு உரிமைகளுக்கு முன்னால் அந்தத் தண்டனை நிற்காது என்றுதான் விட்டது. அவர் சபையில் நின்று, கேட்க வந்தவர்களிடம் பேசினார். அதே நாட்டில் 2004 டிசம்பரில் சிலர் ஒரு மேல்நிலைப் பள்ளிக்குள் போய் மாணவர்களின் லாக்கர்களில் தன்பாலீர்ப்பைப் பழித்து நோட்டீஸ் போட்டார்கள். அவர்களுக்குக் கிடைத்த தண்டனையை ஸ்ட்ராஸ்பூர்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2012இல் சரி என்றது. பிள்ளைகளுக்கு அந்தக் காகிதத்தை வேண்டாம் என்று சொல்ல வழியே இல்லை என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. என்ன சொன்னார், எங்கே, யாரிடம், யாரைப் பற்றி: இவ்வளவும் கணக்கில் வரும்.

கையெடுத்துக் கும்பிடுகிறேன். தீர்ப்பின் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு ஃபார்வர்ட் செய்யாதீர்கள். கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். அது எந்த வருஷத்துத் தீர்ப்பு என்றும் பாருங்கள்.

நானும் என் துணையும் சேர்ந்து எடுத்த படத்தைப் போட்டோம். கீழே ‘வெட்டணும்’, ‘கொளுத்தணும்’ என்று நாற்பது கமென்ட். ஸ்டேஷனில் ‘ஏன் பப்ளிக்கில் போட்டீங்க’ என்று கேட்கிறார்கள். (கோவை)

இதே கேள்வியை லித்துவேனியாவிலும் கேட்டார்கள். 2014 டிசம்பரில் இரண்டு இளைஞர்கள் முத்தமிடும் படத்தை ஃபேஸ்புக்கில் எல்லோரும் பார்க்கும்படி போட்டார்கள். கமென்ட் சுமார் 800. மிக மோசமான 31ஐப் பொறுக்கியெடுத்துப் புகார் கொடுத்தபோது, அங்கிருந்த நீதிமன்றம் படம் போட்டதையே விசித்திரமான நடத்தை என்றது. பெரும்பான்மையின் குடும்ப மதிப்பு, அது இது என்று நீட்டியது. 2020 ஜனவரியில் ஸ்ட்ராஸ்பூர்க் அந்த வாதத்தைத் தூக்கி எறிந்தது: விசாரிக்க மறுத்ததே பாகுபாடு.

அந்தத் தீர்ப்பு கோவை ஸ்டேஷனைக் கட்டுப்படுத்தாது. உங்களுக்கு உதவுவது உள்ளூர்ச் சரக்குதான். கொலை மிரட்டலுக்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 351ஆம் பிரிவு. முகம் காட்டாத ஃபேக் ஐடி என்றால் அதே பிரிவின் நாலாவது உட்பிரிவு, கூடுதல் தண்டனை. பாலீர்ப்பைக் காரணமாக வைத்து எல்ஜிபிடி மக்களை போலீஸ் துன்புறுத்தக் கூடாது என்று தமிழ்நாடு சார்நிலைக் காவல் அலுவலர் நடத்தை விதிகளில் 2022இல் 24-சி சேர்க்கப்பட்டிருக்கிறது. பணிவாக, எழுத்தில், அந்த எண்ணைக் குறிப்பிடுங்கள். ரைட்டரின் குரல் மாறும்.

கமென்ட்டை அழித்துவிட்டுப் புகார் கொடுக்கப் போகாதீர்கள்! முதலில் ஸ்கிரீன்ஷாட். தேதியும் நேரமும் ஐடியும் தெரிய வேண்டும். புரொஃபைல் லிங்க்கைத் தனியாக எடுத்து வையுங்கள், பெயரை அவன் ஒரு நிமிஷத்தில் மாற்றிவிடுவான். இன்னொன்று, 1930 பண மோசடிக்கான எண். இதற்கு சைபர் கிரைம் இணையதளம்.

‘இது மனநோய்’ என்ற பதிவை ரிப்போர்ட் செய்தேன். விதிமீறல் இல்லை என்று ஃபேஸ்புக் சொல்கிறது. கோளாறா? (புதுச்சேரி)

கோளாறு இல்லை, விதியே அப்படி. 2025 ஜனவரி 7ஆம் தேதி ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா விதியை மாற்றியது. பாலினத்தையும் பாலீர்ப்பையும் காரணம் காட்டி மனநோய் என்றோ இயல்பற்றது என்றோ சொல்வதை இப்போது அனுமதிக்கிறது. அரசியல், மதப் பேச்சில் இது புழங்குகிறதாம். இன்னும் ஒரு வரி உண்டு: இவர்களுக்கு ஆசிரியர் வேலை கூடாது என்று மத நம்பிக்கையின் பேரில் வாதிட்டால் அதுவும் செல்லும். என்னைக் கேட்டால் இது மதத்துக்குச் செய்த மரியாதையே இல்லை, வசைக்குக் கொடுத்த பாஸ். வேறு எந்தக் கூட்டத்தைப் பற்றி இப்படிச் சொன்னாலும் தூக்கிவிடுவார்கள்.

பூச்சி, கிருமி என்று மனிதர்களை இழிவாக்குவதற்கும் வன்முறை மிரட்டலுக்கும் தடை இருக்கிறது. பதிவில் அது இருந்தால் அந்த வரியைக் காட்டி மறுபடி ரிப்போர்ட் செய்யுங்கள்.

எப்போது பார்த்தாலும் கிறிஸ்தவர்களைத்தான் உதாரணம் காட்டுகிறீர்கள். மற்ற மதத்தவரைக் கேட்க பயமா? (வேளாங்கண்ணி)

டெல்லி உயர் நீதிமன்றம் 2009இல், தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவைத் தளர்த்தியபோது அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனவர்களின் பட்டியலைப் பாருங்கள். ஒரு ஜோதிடர், முஸ்லிம் தனிச்சட்ட வாரியம், கிறிஸ்தவ சபைகளின் கூட்டமைப்புகள், ராம்தேவின் ஆள் ஒருவர். வேறு எந்த விஷயத்திலாவது இவர்களை ஒரே வரிசையில் நிறுத்த முடியுமா? 2013இல் ஜெயித்தார்கள், 2018இல் அந்தத் தீர்ப்பு போனது.

பெரிய ஓட்டை வேறு இடத்தில். மத உணர்வைப் புண்படுத்தினால் பிடிக்கத் தனிப் பிரிவு உண்டு, பாரதிய நியாய சன்ஹிதா 299. இரு பிரிவினரிடையே பகை மூட்டுவதற்கு 196. அதில் மதம், இனம், மொழி, சாதி எல்லாம் இருக்கிறது. பாலீர்ப்பு பெயர் சொல்லி இல்லை. ‘வேறு எந்தக் காரணத்தாலும்’ என்ற ஒரு வாலைப் பிடித்துக்கொண்டுதான் தொங்க வேண்டும். போலீஸ் அந்த வாலைத் தேடிப் போவதில்லை.

கனடாவில் நோட்டீஸ் கொடுத்தவரைத் தண்டித்தார்களாமே? (ஸ்கார்பரோ)

தன்பாலீர்ப்பைப் பழித்து நாலு நோட்டீஸ். 2013இல் கனடா உச்ச நீதிமன்றம் இரண்டை வெறுப்புப் பேச்சு என்றது, இரண்டை விட்டுவிட்டது. கேலி செய்தல், சிறுமைப்படுத்துதல் என்ற அளவுகோல்களையும் வழக்கு நடந்த சஸ்காட்செவன் மாகாணச் சட்டத்திலிருந்து வெட்டியது. மனம் நொந்தால் மட்டும் போதாது, ஒரு கூட்டத்தையே அருவருக்கவும் பழிக்கவும் தூண்ட வேண்டும். நம்பிக்கையா, ஆளா? இரண்டாவது தடவை சொல்லிவிட்டேன்.

‘ஜெபத்தால் சரிசெய்கிறோம்’ என்று விளம்பரம் வருகிறது. டாக்டர் ஒருவரும் கூட நிற்கிறார். (தூத்துக்குடி)

டாக்டரைப் பிடியுங்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021இல் போட்ட உத்தரவைத் தொடர்ந்து, பாலீர்ப்பை ‘மாற்றும்’ சிகிச்சையைத் தொழில் ஒழுக்கக்கேடு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்தது. புகார் மாநில மருத்துவக் கவுன்சிலுக்கு. ஜெபிப்பவர் மருத்துவர் இல்லை, அந்த அறிவிப்பு அவரைத் தொடாது. பிள்ளையை அடைத்து வைத்தாலோ அடித்தாலோ சாதாரணக் குற்றச் சட்டமே போதும்.

ஆஸ்திரேலிய அரசு ஒரு ரக்பி வீரரை வசனத்துக்காகத் தண்டித்ததே? (சிட்னி)

அரசு இல்லை, முதலாளி. இஸ்ரேல் ஃபொலாவ் 2019இல் போட்ட இன்ஸ்டாகிராம் பதிவுக்காக ரக்பி ஆஸ்திரேலியா அவருடைய ஒப்பந்தத்தை முறித்தது, அந்த வருஷ டிசம்பரில் இரு தரப்பும் சமரசமானார்கள். வேலை ஒப்பந்தமும் குற்றச் சட்டமும் ஒன்றில்லை. சிட்னியில் உட்கார்ந்துகொண்டு இதை என்னிடமா கேட்கிறீர்கள்?

புகாரில் என்ன சொல் எழுதுவது? ஓரினச்சேர்க்கையாளர் என்றா? (ஈரோடு)

உங்களைப் பற்றி எழுதும்போது தன்பாலீர்ப்பாளர். நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு தமிழ்நாடு அரசு 2022இல் வெளியிட்ட சொற்பட்டியல் அந்த வழியில்தான் போகிறது. அவன் எழுதியதை மட்டும் திருத்தாதீர்கள். கெட்ட வார்த்தைக்கு நடுவில் புள்ளி வைக்காதீர்கள், எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதுங்கள். போன மாதம் ஒருவர் வெட்கப்பட்டுக்கொண்டு மூன்று பக்கமும் புள்ளியாகவே வைத்து அனுப்பியிருந்தார். அதில் மிரட்டல் எது, வசை எது என்று எனக்கே விளங்கவில்லை.