வாசகர் கேள்வி – பதில்: கைப்பைக்கு வந்த கோபம், பங்குப் பத்திரத்துக்கு வராத கோபம்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், ஊழல் செய்திகளையும் அவற்றுக்கு நம்மவர்கள் காட்டும் கோபத்தையும் பற்றியவை. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: அரசாங்க முதலீட்டு நிறுவனமான 1எம்டிபி விவகாரத்தில் பில்லியன் கணக்கில் பணம் போனதாகப் படித்தபோது அசையாத எங்கள் தாமான்வாசிகள் (குடியிருப்புக்காரர்கள்), கைப்பைகளைக் காவல் துறையினர் பெட்டி பெட்டியாகத் தள்ளிச் சென்றதைப் பார்த்ததும் கொதித்தார்களே, அது ஏன்?
– அரசாங்க மருத்துவமனையில் பணியாற்றி ஓய்வுபெற்றவர், சுங்கை சிப்புட்

பதில்: பில்லியனை நம்மில் எவரும் எண்ணிப் பார்த்ததில்லை ஐயா. அப்போது பிரதமராக இருந்த நஜிப் ரசாக்கின் சொந்த வங்கிக் கணக்குகளில் ஏறத்தாழ 700 மில்லியன் அமெரிக்க டாலர் சேர்ந்ததாக 2015 ஜூலையில் ஓர் அமெரிக்க நாளேடு எழுதியது. ரிங்கிட்டில் அது 2.6 பில்லியன். ஒட்டுக்கடையில் என் பக்கத்தில் அமர்ந்திருந்த முன்னாள் மண்டோர் (தோட்டக் கண்காணிப்பாளர்) ஒருவர், பில்லியனுக்கு எத்தனை சுழியம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும், பேச்சை மழைக்கு மாற்றிவிட்டார். அதே ஆண்டு ஏப்ரல் 1-ஆம் நாள் 6 விழுக்காட்டுப் பொருள் சேவை வரி நடப்புக்கு வந்த வாரத்தில், மளிகைக் கடை ரசீதை அதே மேசையில் விரித்து வைத்து அரைமணி நேரம் பொரிந்து தள்ளியவரும் அவர்தாம்.

2018 மே 9 தேர்தலில், சுதந்திரத்துக்குப் பின் அதுவரை தோல்வியே காணாத ஆளுங்கட்சிக் கூட்டணியான தேசிய முன்னணி வீழ்ந்தது. அதன் பிறகு நஜிப்புடன் தொடர்புடைய இடங்களில் நடந்த சோதனைகளில் 567 கைப்பைகளும் 12,000 நகைகளும் சிக்கியதாகக் காவல் துறை அறிவித்தது. கைப்பை நம் வீட்டு ஆணியிலும் தொங்குகிறது. நகை நம் வீட்டிலிருந்தும் அடகுக் கடைக்குப் போய் வருகிறது. எனவே அந்தச் செய்தியை விளங்கிக்கொள்ள யாருடைய உதவியும் நமக்குத் தேவைப்படவில்லை.

ஆனால் நஜிப்பைக் காஜாங் சிறைக்கு அனுப்பியவை அந்தப் பைகளும் நகைகளும் அல்ல. முன்பு 1எம்டிபியின் துணை நிறுவனமாக இருந்த எஸ்ஆர்சியிலிருந்து அவருடைய கணக்குக்கு வந்த 42 மில்லியன் ரிங்கிட்டைப் பற்றிய வழக்கில்தான் 2020 ஜூலையில் அவருக்கு 12 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 2022 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்த எஸ்ஆர்சிக்கு 4 பில்லியன் ரிங்கிட் கடன் கொடுத்தது, தங்களைப் போன்ற அரசாங்க ஊழியர்களின் ஓய்வூதியத்துக்காக அரசு சேர்த்து வைக்கும் நிதியகம். தங்கள் தாமானில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று ஒருமுறை விசாரித்து எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: 2018-இல் ஏசியவர்களே அடுத்த ஆண்டு நஜிப்போடு படம் எடுத்துக்கொள்ள முண்டியடித்தார்கள். மக்களுக்கு மறதி நோயா?
– செம்பனை லாரி ஓட்டுநர், லிந்தாங்

பதில்: மறதி என்று சொல்லி இதைத் தட்டிக்கழிக்க எனக்கு மனம் வரவில்லை. புதிய அரசு பொருள் சேவை வரியை 2018 ஜூன் முதல் சுழிய விழுக்காடாக்கியது. செப்டம்பரில் பழைய விற்பனை, சேவை வரிகள் திரும்பி வந்தன. கடைகளில் ஏறியிருந்த விலை பெரிதாக இறங்கவில்லை. தாங்கள் ஏற்றிச் செல்லும் குலைக்கு அந்த ஆண்டின் கடைசியில் என்ன விலை கிடைத்தது என்பது என்னைவிடத் தங்களுக்கே நன்றாகத் தெரியும். நாட்டுக் கடனை அடைக்க மக்களிடம் திரட்டிய நம்பிக்கை நிதிக்கு 200 மில்லியன் ரிங்கிட்டுக்கு மேல் வந்து குவிந்ததும் அதே ஆண்டுதான். பள்ளிப் பிள்ளைகள்கூட உண்டியலை உடைத்துக் கொடுத்த பிறகு மளிகைச் செலவு குறையாமல் இருந்தால், கோபம் இடம் மாறத்தானே செய்யும்?

அந்த நேரத்தில்தான் ‘மாலு அப்பா போஸ்கு’ என்ற முழக்கம் புறப்பட்டது. ‘இதில் என்ன வெட்கம், முதலாளி’ என்பது அதன் பொருள். ஒட்டுக்கடையில் தேநீர் ஆற்றுகிறவரும் நம்மை ‘போஸ்’ என்கிறார். நாமும் அவரை அப்படித்தான் அழைக்கிறோம். அந்தச் சொல்லையும், இளைஞர்கள் ஓட்டும் யமஹா மோட்டார் சைக்கிளையும் எடுத்துக்கொண்டதால், நீதிமன்றப் படி ஏறிய ஒரு முன்னாள் பிரதமர் பக்கத்து மேசைக்காரராகிவிட்டார். 2019 தொடக்கத்தில் கேமரன் மலை, செமினி இடைத்தேர்தல்கள் இரண்டிலும் தேசிய முன்னணியே வென்றது. குற்றச்சாட்டுகளுக்கு விடை சொல்லாமலே வெட்கத்தை மட்டும் கழற்றி வைத்துவிட முடியும் என்பதை அந்த முழக்கத்தை அமைத்தவர் நன்கு அறிந்திருந்தார். சொற்களோடு பிழைப்பு நடத்துகிறவன் என்ற முறையில் அந்தத் திறமையை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

கேள்வி: அடுத்தவர் ஊழலுக்கு, தூய தேர்தல் கோரும் பெர்சே பேரணியின் மஞ்சள் சட்டை அணிந்து தெருவில் இறங்கும் நாம், மைக்கா விஷயத்தில் ஏன் கால் நூற்றாண்டு வாய் திறக்கவில்லை?
– தமிழ்ப்பள்ளி ஆசிரியை, சுங்கை சிப்புட்

பதில்: இந்த ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்ததே எனக்கு மகிழ்ச்சி, அம்மா. மைக்கா ஹோல்டிங்ஸ் 1982-இல் ம.இ.கா.வின் (மலேசிய இந்தியர் காங்கிரஸ் கட்சியின்) முயற்சியில் தொடங்கப்பட்டது. இந்தியர்களுக்கு நாட்டின் பொருளாதாரத்தில் ஒரு பங்கு என்ற அழைப்பை நம்பி ஏறத்தாழ 66,000 பேர் 100 மில்லியன் ரிங்கிட்டுக்கு மேல் முதலீடு செய்தார்கள். அவர்களில் தோட்டத் தொழிலாளர்கள் ஏராளம். தாலிக்கொடியை அடகு வைத்தவர்களும் கடன் வாங்கியவர்களும் அவர்களுள் இருந்தார்கள். 1990-இல் தொலைத்தொடர்பு நிறுவனமான டெலிகோம் பங்குச் சந்தைக்கு வந்தபோது ஒதுக்கப்பட்ட 10 மில்லியன் பங்குகளில் மைக்காவுக்கு ஒரு மில்லியன் மட்டுமே போய்ச் சேர்ந்து, எஞ்சிய 9 மில்லியன் வேறு மூன்று நிறுவனங்களுக்குப் போனது பின்னர் பெரிய சர்ச்சையானது. விசாரணை நடந்தது, யார் மீதும் வழக்குத் தொடரப்படவில்லை. 2010-இல்தான் ஒரு தனியார் நிறுவனம் பங்கு ஒன்றுக்கு 80 சென் கொடுத்து வாங்கிக்கொள்ள முன்வந்தது. ஏறத்தாழ இருபத்தெட்டு ஆண்டுக் காத்திருப்புக்குப் பின், போட்ட ஒரு ரிங்கிட்டுக்கு 80 சென்!

இத்தனைக்கும் ஊர் ஏன் கொதிக்கவில்லை என்பதற்கு, மைக்காவுக்கு முந்திய ஒரு கதையைச் சொல்ல வேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், இந்தச் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டம் தோட்டமாக நடந்தார். தவணை தவணையாகக் கட்டிய தொழிலாளர்களின் பணத்தில் உண்மையாகவே தோட்டங்கள் வாங்கப்பட்டன. தலைவர் கேட்டார், கொடுத்தோம், நிலம் வந்தது என்ற அந்த அனுபவம் இருபது ஆண்டுகளில் ஒரு பழக்கமாக ஊறியிருந்தது. மைக்காவுக்குப் பணம் கேட்டு வந்தவர்கள் அந்த நம்பிக்கையின் மேல்தான் நின்றார்கள். நம்பியவர்கள் கணக்குக் கேட்பதைத் துரோகமாக எண்ணினார்கள். ‘நம்ம ஆளை நாமே காட்டிக்கொடுப்பதா, மற்ற இனத்தார் சிரிக்க மாட்டார்களா’ என்ற பேச்சை நானே பலமுறை கேட்டிருக்கிறேன். இன்னொன்றும் உண்டு. ஏமாந்துவிட்டேன் என்று வெளியில் சொல்ல மானமுள்ள மனிதனுக்கு நா எழாது. பங்குப் பத்திரத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு மகளிடம்கூடச் சொல்லாமல் போனவர்கள் இருந்தார்கள்.

முற்றிலும் வாய் திறக்கவில்லை என்று தாங்கள் எழுதியிருப்பதை மட்டும் சற்றுத் திருத்த வேண்டும். கட்சியின் தலைவராக நீண்ட காலம் இருந்த டத்தோ ஸ்ரீ சாமிவேலுவை 1974 முதல் நாடாளுமன்றத்துக்கு அனுப்பி வந்த சுங்கை சிப்புட், 2008 மார்ச் 8-இல் அவரைத் தோற்கடித்தது. அதற்கு முந்திய நவம்பர் 25-இல் கோலாலம்பூரில் நடந்த, இந்து உரிமை இயக்கமான இண்ட்ராப்பின் பேரணியும் அதன் மீது வீசப்பட்ட கண்ணீர்ப் புகையும் உடனடிக் காரணங்களாக இருக்கலாம். ஆயினும் அன்று வாக்களித்த முதியவர்களின் மனத்தில் ஒரு பழைய பத்திரமும் இருந்திருக்கும் என்பது என் ஊகம். ஊகம் என்றே இதைக் கொள்ளுங்கள்.

கேள்வி: ஊழல் பற்றிய செய்திகளைப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) பகிர்ந்தால் சிக்கல் வருமா?
– கல்லூரி மாணவர், கோலகங்சார்

பதில்: வரும், தம்பி. தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233-ஆம் பிரிவின்படி, பிறரைத் தொல்லைப்படுத்தும் அல்லது மிரட்டும் நோக்கத்தோடு பொய்யான அல்லது கடுமையாகப் புண்படுத்தும் தகவலைப் பரப்பினால், 2025-இல் நடப்புக்கு வந்த திருத்தத்துக்குப் பின் 500,000 ரிங்கிட் வரை அபராதமும் இரண்டு ஆண்டு வரை சிறையும் கிடைக்கலாம். முன்பு அபராத உச்சம் 50,000. கையில் உண்மையான ஆதாரம் இருந்தால் ஊழல் தடுப்பு ஆணையத்திடம் கொடுங்கள். தகவல் தருபவரைக் காக்கும் 2010-ஆம் ஆண்டுச் சட்டம் அமலாக்கத் துறையிடம் சொல்பவருக்கே அடைக்கலம் தருகிறது. முதலில் புலனத்தில் போட்டுவிட்டு வருபவருக்கு அல்ல. இந்த ஏற்பாடு முறையானதா என்று கேட்டால், ஆணையத்தில் அந்தக் கோப்பு தூங்கிவிட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை என்பேன்.

கேள்வி: எங்கள் தோட்டத்துக் கோயில் கணக்கில் இடறல் இருப்பதாக எல்லாரும் முணுமுணுக்கிறார்கள்; யாரும் கேட்பதில்லை. நான் கேட்கலாமா?
– பெயர் வேண்டாம் என்றவர்

பதில்: தாங்கள் உறுப்பினராக இருந்தால் ஆண்டுக் கூட்டத்தில் கேளுங்கள். பதிவு பெற்ற சங்கம், 1966-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி, ஆண்டுக் கூட்டம் நடந்து 60 நாள்களுக்குள் கணக்கைச் சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்ப வேண்டும். ஆகவே தாங்கள் கேட்பது எங்கோ எழுதப்பட்டிருக்க வேண்டிய ஒன்றையே. திருடன் என்ற சொல்லைத் தவிர்த்து, ‘சென்ற ஆண்டு திருவிழா வரவு எவ்வளவு’ என்று மட்டும் கேளுங்கள்.

நானும் ஒரு கோயிலில் இப்படிக் கேட்டவன்தான். இரண்டு வெள்ளிக்கிழமைகள் எவரும் என்னோடு பேசவில்லை. பிரசாதத் தொன்னைகூட என்னைத் தாண்டிப் போனது. மூன்றாம் வெள்ளி, அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. கூட்டல் தவறாக இருந்தது. ஆனால் ஐந்தாறு பேர் நின்று விரல் வைத்துக் கூட்டிக்கொண்டிருந்தார்கள்.