செலஸ்டா இருந்த இடத்தில் சாக்ஸபோன்

அன்புள்ள ஐயா,

நீங்கள் சொன்னதால் அமெரிக்க ஜாஸ் கலைஞர் டியூக் எலிங்டனின் ‘தி நட்கிராக்கர் சூட்’ (1960) ஆல்பத்தைக் கேட்டேன். மகள் பியானோ படிப்பதால், ரஷ்ய இசையமைப்பாளர் சாய்கோவ்ஸ்கி ‘நட்கிராக்கர்’ பாலே நடனத்துக்கு எழுதிய மூல இசை எனக்கு மனப்பாடம். இதைக் கேட்டதும் முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் எரிச்சல். ‘டூட் டூட் டூட்டி டூட்’ என்றெல்லாம் தலைப்பு. மெட்டு முழுக்க இன்னொருவருடையது. இதில் எலிங்டன் எதை இசையமைத்தார்? நையாண்டி மேளம் மாதிரிதானே இருக்கிறது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நையாண்டி மேளத்தை ஒரு வசவாகச் சொல்லியிருக்கிறீர்கள். அதை வாசிப்பவர்களைப் பக்கத்தில் நின்று பார்த்தால் அந்த எண்ணம் போய்விடும். சரி, அது தனிக் கதை.

இந்த ஆல்பம் எலிங்டன் மட்டும் செய்ததல்ல. அவரோடு சேர்ந்து இசையமைத்த பில்லி ஸ்ட்ரேஹார்னுக்கும் இதில் சரிபாதி உண்டு. அந்தக் குழுவின் அடையாளமாகிப்போன ‘டேக் தி ஏ டிரெய்ன்’ அவர் எழுதியதுதான். ஆனாலும் பல வருடம் எலிங்டனின் நிழலிலேயே இருந்தார்.

‘சுகர் ரம் செர்ரி’யை மட்டும் இன்னொரு தடவை கேளுங்கள். 1891-ல் சாய்கோவ்ஸ்கி பாரிஸில் செலஸ்டாவைப் பார்த்தார். பார்வைக்குச் சின்ன பியானோ. கட்டையை அழுத்தினால் உள்ளே சுத்தி உலோகத் தகட்டைத் தட்டும், குட்டி மணிகள் மாதிரி ஒலிக்கும். இன்னொரு ரஷ்ய இசையமைப்பாளரான ரிம்ஸ்கி-கோர்சகோவ் முந்திக்கொள்வாரோ என்ற பயத்தில் ரகசியமாக வரவழைத்தார். அடுத்த வருடம் ‘நட்கிராக்கரில்’ ‘சுகர் பிளம் ஃபேரி’ என்ற தேவதையின் ஆட்டத்துக்கு அதை வைத்தார். ‘சுகர் ரம் செர்ரி’க்கு மூலம் அதுதான். அவள் தரையில் கால் படாமல் ஆடுவாள்.

எலிங்டன் குழுவில் செலஸ்டா கிடையாது, வயலின் கிடையாது. ட்ரம்பெட், டிராம்போன், ஐந்து சாக்ஸபோன், பியானோ, பாஸ், டிரம்ஸ், அவ்வளவுதான். முதலில் வேகத்தைக் குறைத்தார்கள். சாம் வுட்யார்ட் டிரம்ஸில் அடங்கிய ஒரு தாளத்தைப் போட, அதன்மேல் அதே மெட்டு டெனர் சாக்ஸபோனில், மூச்சுக்காற்றோடு வருகிறது. ‘சுகர் பிளம் ஃபேரி’ இப்போது இரவு இரண்டு மணிக்கு பாரிலிருந்து வெளியே வந்து, செருப்பைக் கையில் பிடித்தபடி நடக்கிறாள். சுரங்களில் பெரிய மாற்றமில்லை. ஆள்தான் வேறு.

எலிங்டன் பெரும்பாலும் வாத்தியத்துக்கு எழுதியவரில்லை, ஆளுக்கு எழுதியவர். அவருடைய இசைத்தாள்களில் ‘ஆல்டோ சாக்ஸ்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜானி ஹாட்ஜஸ் பெயர் இருக்கும்.

அப்புறம் பூக்களின் வால்ட்ஸ். வால்ட்ஸ் என்றாலே மூன்று எண்ணிக்கை, தகிட தகிட. இவர்கள் அதைத் தகதிமியாக்கி ‘டான்ஸ் ஆஃப் தி ஃப்ளோரியடோர்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். மூன்றில் பிறந்த மெட்டை நாலில் உட்கார வைக்க, எந்தச் சுரத்தை நீட்டுவது, எங்கே மூச்சு விடுவது என்று அடிக்கு அடி முடிவெடுக்க வேண்டும். எதை இசையமைத்தார் என்று கேட்டீர்களே, இதைத்தான்.

எல்லாமே எனக்குப் பிடிக்கும் என்றில்லை. ரஷ்ய ஆட்டத்தை மாற்றிய ‘வோல்கா வூட்டி’யில் மூலத்தின் வெறி காணாமல் போய்விட்டது.

உங்கள் மகளிடம் தேவதையின் ஆட்டத்தைப் பாதி வேகத்தில், இடது கையைக் கொஞ்சம் சோம்பலாக வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். இரண்டாவது வரி முடிவதற்குள் அவள் தோள் அசையாவிட்டால் எனக்கு எழுதுங்கள்.