பழைய காருக்குப் பிரேக் பேட்: பெயரைச் சொல்லி வாங்காதீர்கள்

கேள்வி: 2012இல் பதிவான டொயோட்டா விஷ் வைத்திருக்கிறேன். சிஓஇயை (கார் வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்து ஓட்டுகிறேன். பிரேக் மிதித்தால் பெடல் அதிர்கிறது. பட்டறையில் டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் தட்டு), அதை இறுகப் பிடிக்கும் பேட் இரண்டையும் மாற்றச் சொல்கிறார்கள். இணையத்தில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே, வாங்கலாமா? – உட்லண்ட்ஸ் வாசகர்

வாங்கலாம். ஆனால் “விஷ், 2012” என்று மட்டும் சொல்லி வாங்காதீர்கள். சிங்கப்பூரில் ஓடும் விஷ் கார்களில் டொயோட்டாவின் ஏஜென்ட் வழியாக வந்தவையும் உண்டு, ஜப்பானிலிருந்து பேரலல் இம்போர்ட்டாக (ஏஜென்ட் அல்லாத இறக்குமதியாளர் வழியாக) இறங்கியவையும் உண்டு. எஞ்சினும் 1.8 லிட்டர், 2.0 லிட்டர் என இரண்டு. பதிவான ஆண்டும் தயாரான ஆண்டும் வேறாக இருக்கலாம். பெயர் ஒன்றே என்றாலும் டிஸ்க்கின் விட்டமும் பேட்டின் வடிவமும் மாறக்கூடும். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்தில் லாக் கார்டை (வாகன விவரப் பதிவு) பார்த்தால் சேசிஸ் எண் இருக்கும். அதைக் கொடுத்து டொயோட்டாவின் பாக எண்ணைக் கேட்டு வாங்குங்கள். வேறு கம்பெனி பேட் வாங்கினாலும் அந்த எண்ணுக்கு ஈடானதா என்று பாருங்கள்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் முதல் காருக்கு ஒரு கடையில் பெயரைச் சொல்லிப் பேட் வாங்கினேன். அதன் காது, அதாவது தாங்கியில் உட்காரும் ஓர முனை, ஒரு மில்லிமீட்டர் பெரிது. பட்டறையில் அரத்தால் ராவி உள்ளே திணித்துவிட்டார்கள். இரண்டே வாரத்தில் இடது முன்சக்கரம் மட்டும் கை வைக்க முடியாதபடி கொதித்தது. பேட் பின்வாங்காமல் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. சரியான பேட் கையால் தள்ளினாலே வழுக்கிக்கொண்டு போய் உட்கார வேண்டும். யாராவது அரத்தை எடுத்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.

அப்புறம் டிஸ்க். பெடல் அதிர்கிறதென்றால் பெரும்பாலும் டிஸ்க்கின் தடிமன் சுற்றிலும் ஒரே சீராக இல்லை என்று பொருள். அதற்காக உடனே புதிது வாங்க வேண்டியதில்லை. குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். மைக்ரோமீட்டரால் உங்கள் கண்ணெதிரே அளக்கச் சொல்லுங்கள். கடைசல் பிடித்த (மேற்பரப்பைச் சீவிச் சமப்படுத்திய) பிறகும் அந்த அளவுக்கு மேல் நிற்கும் என்றால் கடையலாம். இல்லையென்றால் இரண்டு பக்கமும் ஜோடியாக மாற்றுங்கள்.

கழற்றிய பேட்டைத் தூக்கிப் போட விடாதீர்கள். உள் பேட்டையும் வெளிப் பேட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று 8 மில்லிமீட்டர், மற்றது 3 என்றால் காலிப்பர் (பேட்டை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பிடி) நகர உதவும் ஸ்லைட் பின் இறுகியிருக்கக்கூடும். பழைய கார்களில் இது சர்வ சாதாரணம். அதைச் சுத்தம் செய்து, பிரேக்குக்கென்று உள்ள சிலிக்கான் கிரீஸ் வைத்து, அதை மூடும் ரப்பர் கிழிந்திருந்தால் மாற்றாவிட்டால் எவ்வளவு விலையுயர்ந்த பேட் போட்டாலும் ஒருபக்கமாகத்தான் தேயும்.

பாதி விலைப் பேட்டைப் பற்றி: அட்டைப்பெட்டியிலும் பேட்டின் முதுகிலும் வட்டத்துக்குள் ஈ என்ற எழுத்தும், பக்கத்தில் 90ஆர் என்ற குறியும் இருக்கிறதா பாருங்கள். மூலப் பாகத்துக்கு நெருக்கமாகப் பிடிக்கிறது என்று ஐரோப்பிய விதிப்படி சோதித்ததற்கு அது அடையாளம். கார் கம்பெனிகளுக்கே பேட் செய்து தரும் அக்கெபோனோ, அட்விக்ஸ் போன்றவையும் நல்ல தேர்வு. ஆனால் பேர்போன பிராண்டு நம்பமுடியாத மலிவில் வந்தால் அது போலியாக இருக்கலாம். நானாக இருந்தால் தொடமாட்டேன்.

அதே நாளில் பிரேக் ஆயிலையும் மாற்றிவிடுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும்; நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. டாட் 3 என்ற தரவகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140தான். கேமரன் மலையிலிருந்து குடும்பத்தோடு இறங்கும்போது பெடல் பஞ்சுபோல அமுங்குவது, சூட்டில் ஆயில் கொதித்து ஆவிக்குமிழி உண்டாவதால்தான். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். பிரேக் ஆயில் தொட்டியின் மூடியில் எழுதியிருக்கும் வகையையே ஊற்றுங்கள்; சிலிக்கான் வகையான டாட் 5ஐ அதோடு கலக்கவே கூடாது.

உங்கள் கார் பத்து வயதைத் தாண்டியதால் ஆண்டுதோறும் இன்ஸ்பெக்‌ஷன் உண்டு. அங்கே பிரேக்கையும் சோதிப்பார்கள். தேதிக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே வேலையை முடித்துவிடுங்கள். புதுப் பேட் டிஸ்க்கோடு படிய முதல் 200, 300 கிலோமீட்டர் பதமாக மிதித்து ஓட்ட வேண்டும்.