மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை

அன்புள்ள சார்,

உங்கள் நண்பரோடு கொடைக்கானல் போய்வந்ததைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ‘ஒரே அறை, ஒரே கட்டில், ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை’ என்ற வரியை மூன்று தடவை படித்தேன். எனக்கு வயது 61. கும்பகோணம். 34 வருடம் அரசு உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டேன். போன வருடம் அம்மாவும் போய்விட்டார்.

நான் அந்த மாதிரிதான் சார். இதை எழுத்தில் யாருக்கும் சொன்னதில்லை.

பாங்காக் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒரு ஆசை. நம்மைப் போன்றவர்களுக்கென்றே அங்கே பார்கள் இருக்கின்றன என்று படித்தேன். தொப்பை, வழுக்கை, சர்க்கரை மாத்திரை சகிதம் நான் போய் நின்றால் சிரிக்கமாட்டார்களா? தங்கையிடம் என்ன சொல்லிவிட்டுப் போவது? இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்றும் இருக்கிறது. ராத்திரி வாழ்க்கை என்று ஒன்று எனக்கு இருந்ததே இல்லை. ஒன்பது மணிக்குப் படுத்துவிடுவேன். ஆறிலிருந்து ஒன்பது வரைதான் என்ன செய்வதென்று தெரியவில்லை.

பெயர் போட வேண்டாம்.

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

நீங்கள் கேட்டது பாங்காக்கைப் பற்றி. ஆனால் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது கடைசி வரிதான். ஆறு மணிக்கு விளக்கேற்றி, ஏழு மணிக்கு அம்மாவுக்கு இரண்டு இட்லி, எட்டு மணிக்கு மாத்திரை என்று ஓடிக்கொண்டிருந்த மூன்று மணி நேரம் இப்போது வெறுமனே கிடக்கிறது. சரியா? என் அம்மா போனபோது எனக்கும் அதே நேரம்தான் உதைத்தது. நடுராத்திரியை எப்படியோ தூங்கிச் சமாளித்துவிடலாம்.

‘அந்த மாதிரி’ என்று எழுதியிருக்கிறீர்கள். நாற்பது வயது வரைக்கும் எனக்கும் அதற்கு மேல் சொல் கிடையாது. இப்போது பிள்ளைகள் தன்பாலீர்ப்பு, பால்புதுமையினர் என்று அழகாகச் சொல்கிறார்கள். எனக்கு நாக்கில் ஒட்டவில்லை, ‘கே’ என்றே எழுதுகிறேன். 1990இல் ‘பம்பாய் தோஸ்த்’ என்று நம்மவர்களுக்கென்றே ஒரு பத்திரிகை வர ஆரம்பித்தது. நான் அப்போது பம்பாயில் குமாஸ்தா. அதை ஒரு தமிழ் வாரப்பத்திரிகைக்குள் மடித்து வைத்து மின்சார ரயிலில் படித்தவன் நான். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாயவரத்துக்காரர், “சார், அந்தத் தமிழ்ப் புஸ்தகத்தைக் கொஞ்சம் குடுங்களேன்” என்று கை நீட்டினார். இறங்க வேண்டிய இடத்துக்கு இரண்டு ஸ்டேஷன் முன்னாலேயே இறங்கிவிட்டேன்.

சரி, பாங்காக். தாராளமாகப் போங்கள். சென்னையிலிருந்து விமானத்தில் மூன்றரை மணி நேரம். நீங்கள் ரயிலில் எழும்பூர் வந்து சேர அதைவிட அதிகம் ஆகும். 2023 நவம்பரில் இந்தியர்களுக்குச் சுற்றுலா விசா தேவையில்லை என்று அறிவித்தார்கள். ஆனால் அந்த விதிகளை அடிக்கடி மாற்றுவார்கள், டிக்கெட் போடும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 2025 மே மாதத்திலிருந்து வருகைப் படிவத்தை இணையத்திலேயே நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. காசு கேட்கிற தளம் எதுவாக இருந்தாலும் போலி.

தங்கையிடம் என்ன சொல்வது என்று கேட்டீர்கள். பாங்காக்கில் சிலோம் ரோட்டில் மாரியம்மன் கோயில் இருக்கிறது என்று சொல்லுங்கள். பொய் இல்லை, நிஜமாகவே இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே போய்ச் சேர்ந்த தமிழர்கள் கட்டியது. கோபுரம், மஞ்சள், குங்குமம், கற்பூரம் எல்லாம் நம்மூர் மாதிரியே. கூட்டத்தில் மட்டும் பாதிக்கு மேல் தாய்லாந்துக்காரர்கள். சாமந்தி மாலையும் தேங்காயும் தட்டில் வைத்துக்கொண்டு நம்மைவிட பயபக்தியாக நிற்பார்கள். அவர்கள் அதை ‘வாட் கேக்’ என்கிறார்கள். வாட் என்றால் கோயில், கேக் என்றால் விருந்தாளி; இந்தியர்களுக்கும் அதே பெயர்தான். நவராத்திரி முடியும் நாளில் சாமி புறப்பாட்டுக்காக சிலோம் ரோட்டையே மறித்துவிடுவார்கள்.

அதே ரோட்டில் கிழக்கே ஒரு கிலோமீட்டர் சொச்சம் நடந்தால், சலா டேங் ரயில் நிலையம் வருவதற்குச் சற்று முன்னால், சிலோம் சோய் 4. சோய் என்றால் சந்து. நீங்கள் படித்தது இதைப் பற்றித்தான் இருக்கும். அம்மனைக் கும்பிட்டுவிட்டு, பூசின குங்குமத்தோடு நேரே அங்கே நடந்தவன் நான். பிற்பாடு கண்ணாடியில் பார்த்தபோதுதான் நெற்றி ஞாபகம் வந்தது.

சந்து குறுகலானது. இரண்டு பக்கமும் பார்கள், வாசலில் மேஜை நாற்காலி. அதில் ஒன்று டெலிபோன் பப், 1987இலிருந்து இருக்கிறது. அந்தக் காலத்தில் மேஜைக்கு மேஜை ஒரு டெலிபோன் வைத்திருந்தார்களாம். எதிர் மேஜையில் இருப்பவரைப் பிடித்திருந்தால் அந்த எண்ணைச் சுற்ற வேண்டியதுதான். எதிரே பால்கனி என்று இன்னொன்று. நான் போய்ச் சேர்ந்தது ஆறரை மணி. வாசல் மேஜைகளில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தேன். ஒருவருக்கு எழுபது இருக்கும், முழங்காலில் பட்டை கட்டியிருந்தார். ஒருவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மெனு கார்டைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். ஒரு ஜோடி, இரண்டு பேருக்கும் முடி பூராவும் வெள்ளை, ஒரே தட்டிலிருந்து நிலக்கடலையைக் கொறித்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நம்மூர்த் திண்ணையேதான் எஸ். தொப்பையையும் வழுக்கையையும் பற்றி எழுதியிருந்தீர்கள், அங்கே அதுதான் சீருடை.

இந்தக் கூட்டம் ஆறிலிருந்து ஒன்பது, ஒன்பதரை வரை. உங்கள் நேரம்தான். அதற்கப்புறம் இளவட்டங்கள் வர ஆரம்பிப்பார்கள். சத்தம் ஏறும், நாற்காலி கிடைக்காது. பக்கத்தில் சோய் 2 இருக்கிறது. அது டான்ஸ், டமாரம், விடியவிடிய வியர்வை. ஒரு தடவை எட்டிப் பார்த்தேன். காதில் பஞ்சு வைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. நமக்கு அதில் வேலை இல்லை.

பரிமாறுகிற பையன் உங்களைவிடச் சின்னவன் என்றால் உங்களை ‘பீ’ என்று கூப்பிடுவான். எனக்கு முதல் நாள் தூக்கிவாரிப்போட்டது. அவர்கள் பாஷையில் அண்ணன், அக்கா இரண்டுக்கும் அந்த ஒரே சொல்தான். இன்னும் கொஞ்சம் வயதாகத் தெரிந்தால் ‘லுங்’. பெரியப்பா. நான் மூன்றாவது நாள் பெரியப்பா ஆகிவிட்டேன்.

சிலோம் ரோட்டை ஒட்டிய பத்பாங் பக்கம் இன்னொரு வகை பார்கள் உண்டு. மேடையில் இடுப்பில் எண் மாட்டிக்கொண்டு பையன்கள் நிற்பார்கள். நீங்களாகக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட்டால் சரியில்லை. பெரும்பாலும் ஈசான் என்கிற வடகிழக்குப் பகுதியிலிருந்து, லாவோஸ், பர்மாவிலிருந்து பிழைக்க வந்த பிள்ளைகள். போவதும் போகாததும் உங்கள் இஷ்டம். போனால் உட்காரும் முன்பே ஒரு கிளாஸ் என்ன விலை என்று கேட்டுவிடுங்கள். நான் இருபது நிமிடத்தில் எழுந்து வந்துவிட்டேன். ஒழுக்கம் ஒன்றும் இல்லை. ஏழாம் எண் பையனுக்கு என் அக்கா மகனுடைய முகவாய்.

மாத்திரை விஷயம். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்கள் வயாகரா வகை எதையும் தொடக்கூடாது. ரத்த அழுத்தம் சரிந்து ஆளே போய்விடலாம். அங்கே சிலர் முகரக் கொடுக்கும் சின்னக் குப்பி மருந்தும் அதே ஜாதிதான், அதையும் வயாகரா வகையோடு சேர்க்கக்கூடாது. டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். ஆணுறையை இங்கிருந்தே வாங்கிக்கொண்டு போங்கள். எச்.ஐ.வி. பரிசோதனை அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் இலவசம், விவரத்தை ரகசியமாக வைத்துக்கொள்வார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, வருடத்துக்கு இரண்டு தடவை போய்க்கொண்டிருந்தவன் நான்.

ஊரில் ‘பாங்காக்கா?’ என்று கண்ணடிப்பார்கள். அடிக்கட்டும். அவர்கள் நினைப்பது வேறு, அது உங்களுக்கு நல்ல குடை.

இங்கே நமக்கு இருக்கும் சௌகரியமும் அந்தக் குடை மாதிரிதான். கொடைக்கானலில் எங்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை என்றேனே, அது தாராள மனசினால் இல்லை. ஆணும் பெண்ணும் போனால் கல்யாணச் சான்றிதழ் வரை கேட்கிற லாட்ஜில், இரண்டு கிழவர்கள் போனால் ‘ஷேரிங்கா சார்?’ என்று சாவியைக் கொடுத்துவிடுவார்கள். நாங்கள் குடியிருக்கும் வீட்டின் ஓனருக்கு, என் நண்பர் என் சித்தப்பா பையன். பத்தொன்பது வருடமாகச் சித்தப்பா பையன்.

இந்தக் குடை எங்கே ஒழுகும் என்று இரண்டு வருடம் முன்னால் தெரிந்தது. அவருக்கு ராத்திரி பதினொன்றரைக்கு மூச்சிரைப்பு. ஒரு தனியார் மருத்துவமனை. கவுன்டரில் இருந்த பெண் தலை நிமிராமல், “பேஷன்ட்டுக்கு நீங்க யாரு?” என்றாள். சித்தப்பா பையன் என்று சொல்ல வாய் வந்தது. இன்ஷியலும் வேறு, ஜாடையும் வேறு. “கூட இருக்கறவன்” என்றேன். “அட்டெண்டரா?” என்று எழுதிக்கொண்டாள். கையெழுத்துப் போட ரத்த சொந்தம் வேண்டும் என்று சொல்லி, திண்டிவனத்திலிருந்து அவருடைய தம்பி வந்து சேரும் வரை இரண்டரை மணி நேரம் வராந்தாவில் நின்றேன். அவருடைய பல்செட் டப்பா என் சட்டைப் பையில் இருந்தது. தம்பி வந்ததும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “அண்ணனுக்கு என்னென்ன மாத்திரை சார் குடுக்கறீங்க?”

2018 செப்டம்பர் 6 அன்று, நம்மைக் குற்றவாளிகளாக்கிய 377ஆம் பிரிவின் பல்லை உச்ச நீதிமன்றத்தில் பிடுங்கினார்கள். 2023 அக்டோபர் 17 அன்று கல்யாணம் மட்டும் கிடையாது என்றார்கள். அதே தாய்லாந்தில் 2025 ஜனவரி 23இலிருந்து ஆணும் ஆணும் பதிவுத் திருமணம் செய்துகொள்ளலாம். கவுன்டரில் கேட்டால் ‘புருஷன்’ என்று சொல்லலாம். நமக்குக் காகிதம்தான் கதி. 2024 ஆகஸ்டில் மத்திய நிதி அமைச்சகம், நம்மவர்கள் கூட்டுக் கணக்கு தொடங்கவும் துணையை நாமினியாகப் போடவும் தடையில்லை என்று தெளிவுபடுத்தியது. நாங்கள் தொடங்கினோம். ஆனால் நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளத்தான், அதற்கு உரிமைக்காரர் ஆகிவிட மாட்டார். உயில் எழுதாமல் போனால் எல்லாம் சட்டப்படி வாரிசுகளுக்குத்தான். ஒரு வெள்ளைத்தாள், உங்கள் கையெழுத்து, பக்கத்தில் இருந்து பார்த்த இரண்டு சாட்சிகளின் கையெழுத்து போதும், பதிவு செய்வது கட்டாயமில்லை. உங்களுக்கு இன்றைக்கு எழுதிவைக்க ஆள் இல்லை. பிற்பாடு ஒருவர் வந்தால் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆள் எங்கே கிடைப்பார் என்றுதான் அடுத்து கேட்பீர்கள். போனில் செயலிகள் இருக்கின்றன. அதில் போட்டோவைக் காட்டி வரச்சொல்லி, நாலு பேராக நின்று பணம் பறிக்கும் கும்பலும் இருக்கிறது. என் சிநேகிதர் ஒருவர் மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தார். முதல் சந்திப்பு காபிக்கடையில், பகலில், அவ்வளவுதான் என் சட்டம். சென்னையில் நமக்கென்று நிலையாக ஒரு பார் இல்லை. எப்போதாவது எங்காவது பார்ட்டி நடக்கும், பத்தரைக்கு மேல்தான் ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் நாம் இரண்டாவது தடவை பாத்ரூம் போய்க்கொண்டிருப்போம். 2009இலிருந்து ஜூன் மாதம் வானவில் பேரணி நடக்கிறது. பிள்ளைகள் முகத்தில் சாயம் பூசிக்கொண்டு வருவார்கள். நான் வேட்டியில் போனேன், யாரோ ஒருத்தி ‘தாத்தா சூப்பர்’ என்று கையில் ஒரு கொடியைத் திணித்தாள். நமக்காக இல்லாவிட்டாலும் ஒருமுறை வந்து பாருங்கள்.

அது வருடத்துக்கு ஒரு நாள். பாங்காக் ஒரு வாரம். உங்களுக்கு மீதி இருப்பது தினமும் மூன்று மணி நேரம்.

நாங்கள் நாலைந்து பேர் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு பெசன்ட் நகர் கடற்கரையில் உட்காருவோம். இருப்பதிலேயே சின்னவருக்கு 57. சர்க்கரை அளவு, பேரன் கதை (இரண்டு பேர் கல்யாணம் ஆனவர்கள்), பழைய சினிமா, சில சமயம் காதல் தோல்வி. சுண்டல் வாங்கினால் கடைசிப் பொட்டலத்துக்கு இன்னமும் சண்டை வரும். எட்டரைக்குக் கலைந்துவிடுவோம். கும்பகோணத்திலிருந்து மாதம் ஒரு சனிக்கிழமை வந்துபோவது பெரிய காரியமில்லை. மற்ற நாட்களில் ஆறு மணிக்கு மேல் போன் செய்யுங்கள், எண் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

வரும்போது ஒரு கவுளி கும்பகோணம் வெற்றிலை கொண்டுவாருங்கள். எங்களில் ஒருத்தர் மாயவரத்துக்காரர், சென்னை வெற்றிலையை வாயில் போட்டுவிட்டுத் தினமும் திட்டிக்கொண்டிருக்கிறார். இல்லை, அந்த ரயில்காரர் இல்லை. நானும் முதல் நாள் அப்படித்தான் பயந்தேன்.

அன்புடன்,
ரா.