பெனால்டி அடிக்கப் போனா கால் நடுங்குது: கால்பந்து கேள்வி பதில்

கேள்வி (ஃபார்வர்டு, 16 வயது): சார், ட்ரெய்னிங்ல பத்துக்கு ஒன்பது பெனால்டி உள்ள போகுது. மேட்ச்ல போய் நின்னா கால் நடுங்குது.

பதில்: நடுங்கட்டும் தம்பி, அது அட்ரினலின் வேலை. ஆளைக் கவிழ்ப்பது நடுக்கம் இல்லை, சீக்கிரம் அடித்துத் தொலைத்துவிட வேண்டும் என்ற அவசரம்தான். பெரிய போட்டிகளின் பெனால்டி ஷூட்-அவுட்களை (சமநிலையில் முடிந்தால் வெற்றியைத் தீர்மானிக்க மாறி மாறி அடிக்கும் பெனால்டிகள்) ஆராய்ந்த நார்வேக்காரர் கெய்ர் ஜோர்டெட், விசில் ஊதியதுமே பாய்பவர்கள் அதிகம் தவறவிடுவதைக் காட்டியிருக்கிறார்.

நடந்து போகும்போதே எந்த மூலை என்று முடிவு செய். மூச்சை 4 எண்ணி இழு, 6 எண்ணி விடு. பந்தை நீயே வை. விசிலுக்குப் பிறகு சாதாரணமாக ஒரு மூச்சு, அப்புறம் ஓட்டம். கோல்கீப்பர் அசைகிறாரே என்று ஓடும்போது மூலையை மாற்றினால் ஊன்றுகால் தடுமாறும், பந்து அவர் கைக்கே போகும்.

உன் ஒன்பதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. வரிசையாகப் பத்து அடித்தால் முதல் இரண்டு மூன்றில் கால் பழகிவிடும். மேட்ச்சில் முதல் பந்தே கணக்கு. ட்ரெய்னிங் முடிந்து களைத்திருக்கும்போது, மற்றவர்கள் சுற்றி நின்று கத்த, ஒன்றே ஒன்று அடி. தவறினால் மறுநாள்தான் அடுத்தது. 2021-ல் நடந்த யூரோ (ஐரோப்பியக் கோப்பை) இறுதியில் 19 வயதில் பெனால்டியைத் தவறவிட்ட இங்கிலாந்து வீரர் புகாயோ சாகா, 2024 யூரோ காலிறுதி ஷூட்-அவுட்டில் மறுபடி வந்து அடித்தார், உள்ளே போனது.

கேள்வி (12 வயதுப் பையனின் அப்பா): ஒரு பாஸ் தப்பாப் போச்சுன்னா அதுக்கப்புறம் பந்தே கேக்க மாட்டேங்கிறான். எவ்வளவோ பாராட்டிப் பாத்துட்டோம்.

பதில்: கவனித்துப் பாருங்கள், எதிரணி டிஃபெண்டருக்குப் பின்னால் போய் நிற்பான். ஓடுவது போலத் தெரியும், ஆனால் அவனுக்குப் பாஸ் போட வழியே இருக்காது. பாராட்டு இதற்குப் போதாது. உளவியலாளர் பண்டூரா 1977-லேயே சொன்னதுதான்: 'என்னால் முடியும்' என்ற எண்ணத்துக்கு வலுவான ஆதாரம் தானே செய்து முடித்தது, பிறர் வாய்ச்சொல் அதற்குப் பின்புதான். தப்பு நடந்ததும் சாக்ஸை ஒருமுறை இழுத்துவிட்டு, பக்கத்தில் இருப்பவனுக்கு ஐந்து மீட்டரில் ஒரு எளிய பாஸ் போடச் சொல்லுங்கள். கோலை எண்ணாதீர்கள். பந்தைக் கேட்டு எத்தனை முறை கை காட்டினான் என்று எண்ணுங்கள். கோட்டுக்கு வெளியே நின்று "ஷூட்! பாஸ்!" என்று கத்துவதையும், வண்டியில் திரும்பும்போது மேட்ச்சை அலசுவதையும் நிறுத்துங்கள். அவனாகப் பேச்செடுத்தால் மட்டும் கேளுங்கள்.

கேள்வி (பள்ளி கோச்): மேட்ச்சுக்கு முன்னாடி மோட்டிவேஷன் வீடியோ போடலாமா?

பதில்: அந்தப் பத்து நிமிடத்தில் ரொண்டோ (வட்டமாக நின்று பாஸ் போட, நடுவில் இருப்பவர் பந்தைப் பறிக்கப் பார்க்கும் ஆட்டம்) ஆடவிடுங்கள். பந்து காலில் பட்டால் பாதி பதற்றம் போய்விடும்.

கேள்வி (அதே கோச்): சின்னப் பசங்க செலக்‌ஷன்ல விழுந்துட்டா வர்றதையே நிறுத்திடறாங்க.

பதில்: தேர்வானவர்களின் பிறந்த மாதங்களை எழுதிப் பாருங்கள். ஜனவரி 1-ஐ வைத்து வயதுப் பிரிவு போட்டால், ஜனவரிப் பையனுக்கும் டிசம்பர்ப் பையனுக்கும் ஏறக்குறைய ஒரு வயது வித்தியாசம். 12 வயதில் அது உயரத்திலும் வேகத்திலும் தெரியும். நாம் அதைத் திறமை என்று நினைத்துவிடுகிறோம். ட்ரையல்ஸில் பிறந்த மாத வரிசையில் நிற்கவையுங்கள், கண் தானாகத் திருந்தும். கழிக்கும்போது "பத்தாது" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். எது பத்தவில்லை, மறுபடி எப்போது பார்ப்பீர்கள் என்று சொல்லுங்கள். சின்ன வயதிலேயே தரம் பிரிக்க அவசரமும் வேண்டாம்: நார்வேயில் 11 வயதுக்கு முன் புள்ளிப் பட்டியலே கிடையாது.

கேள்வி (ஒரு அம்மா): முட்டிக் காயத்துக்கு அப்புறம் பொண்ணு சரியாத் தூங்கல, யார்கிட்டயும் பேசறதில்ல.

பதில்: ஓரிரு நாள் சோர்வு இயல்பு. இரண்டு வாரம் நீடித்தாலோ, சாப்பாடும் படிப்பும் சேர்ந்து கெட்டாலோ, கோச்சிடம் விடாமல் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். "செத்துடலாம் போலிருக்கு" என்ற பேச்சு வந்தால் அன்றே போங்கள், தனியாக விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. "ஓடக் கூடாது" என்று டாக்டர் சொல்லியிருந்தாலும் மைதானத்துக்கு அனுப்புங்கள். ஸ்கோர் எழுதட்டும், டீமோடு இருக்கட்டும்.