வாய்க்குள் ஒரு கடிகட்டை

கேள்வி: மாமனாருக்கு நாக்கில் புற்றுநோய். ரேடியேஷனுக்கு முன் 3டி பிரிண்டரில் செய்த பிளாஸ்டிக் கட்டை ஒன்றைக் கடித்துக்கொள்ள வேண்டுமாம். முகமூடி மட்டும் போதாதா?
- வாசகி, ஈரோடு

பதில்: ரேடியேஷனின்போது போடும் முகமூடி தலையைத்தான் அசையாமல் பிடிக்கும், நாக்கை யார் பிடிப்பது? வாயை மூடினால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். நாக்குக்குக் கொடுக்கும் கதிர் அண்ணத்தையும் புண்ணாக்கும். கட்டை வாயைச் சுமார் 2 செ.மீ. திறந்து, நாக்கைக் கீழே அமுக்கி, தினமும் அதே இடத்தில் நிறுத்துகிறது.

முன்பு பல் மருத்துவர் மெழுகில் அளவெடுத்து அக்ரிலிக்கில் செய்வார். இப்போது வாயை ஸ்கேன் செய்து, ஒளி பட்டால் இறுகும் ரெசின் என்ற பிளாஸ்டிக் திரவத்தில் அச்சிடுகிறார்கள். அச்சானதும் ஆல்கஹாலில் கழுவி, புற ஊதா ஒளியில் முழுதாக இறுக வைக்க வேண்டும். அரைகுறையாக இறுகிய ரெசின் வாயை எரிக்கும். வாய்க்குள் வைக்கத் தகுந்த ரெசின்தானா என்று கேளுங்கள். சாதாரண ரெசின் கூடவே கூடாது.

வரிசை முக்கியம். பல் பிடுங்க வேண்டுமானால் முதலில் பிடுங்கி, ஈறு ஆறிய பிறகே அளவு. கட்டையைக் கடித்தபடியே முகமூடி வார்க்க வேண்டும், சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும். பிறகு ஆறேழு வாரம், 30 முதல் 35 தடவையும் அதே கட்டைதான். ஒருநாள் மறந்தாலும் நாக்கு திட்டமிட்ட இடத்தில் இருக்காது.

மூன்றாவது வாரவாக்கில் வாய் புண்ணாகும்போது விளிம்பு உரசும். வீட்டில் அரம் போட்டுத் தேய்க்காதீர்கள்; சிகிச்சைக் குழுவிடம் கொடுத்தால் வழவழப்பாக்கித் தருவார்கள். கழுவப் பச்சைத் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். வெந்நீரில் போட்டால் வளைந்துவிடலாம்.