தொப்பூர் இறக்கத்தில் நியூட்ரல் போடலாமா? கியரும் மைலேஜும்: கேள்வி பதில்

தருமபுரியில் ஒர்க்‌ஷாப் வச்சிருக்கேன். கியர், மைலேஜ் பத்தி நீங்க கேட்டதுக்கு, தெரிஞ்ச வரைக்கும் பதில்.

பாலக்கோட்டிலிருந்து: அண்ணா, ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு இன்ஜின் சுத்தற சுத்து) குறைஞ்சா பெட்ரோலும் குறையும்னு 40லயே அஞ்சாவது கியர் போட்டுடறேன். சரியா?

பாதி சரி தம்பி. 60ல அஞ்சாவது கியர்ல போனா என் வண்டி 1,800 சுற்று காட்டும். அதே 60, மூணாவதுல 3,000 தாண்டிடும். சுத்தச் சுத்த உள்ளே உராய்வு கூடும், அதுக்கும் பெட்ரோல்தான் எரியணும். இன்னொண்ணும் இருக்கு. பெட்ரோல் வண்டியில லேசா மிதிச்சா காத்து போற வழி பாதி அடைச்சிருக்கும். சப்பிப்போன ஸ்ட்ராவுல இளநி உறிஞ்சற மாதிரி, காத்தை இழுக்கவே இன்ஜின் மல்லுக்கட்டும். பெரிய கியர்ல கொஞ்சம் அதிகமா மிதிக்கிறதால அந்த வழி நல்லா திறக்கும்.

ஆனா 40ல அஞ்சாவது போட்டு ஏத்தத்துல மிதிச்சா வண்டி முக்கும், கியர் ராடு கையில நடுங்கும். அப்போ மிச்சம் ஒண்ணுமில்ல, இன்ஜினுக்குத்தான் கேடு. டர்போ (காத்தை அழுத்தி இன்ஜினுக்குள்ள தள்ளற விசிறி) வண்டின்னா இன்னும் மோசம். ஒரு கியர் இறக்கிடு. சமதரையில பெட்ரோலுக்கு 2,000–2,500க்குள்ள, டீசலுக்கு 2,000 வாக்குல கியர் மாத்தினா போதும்.

தருமபுரியிலிருந்து: சேலம் போறப்ப தொப்பூர் இறக்கத்துல நியூட்ரல் போட்டா மிச்சமாகுமா சார்?

தயவுசெஞ்சு வேணாம். நியூட்ரல்ல இன்ஜின் அணையாம இருக்கவே பெட்ரோல் குடிக்கும். இன்ஜெக்‌ஷன் வண்டியை கியர்ல விட்டு ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தீங்கன்னா, சக்கரமே இன்ஜினைச் சுத்தும். பெட்ரோலை அளந்து விடற வண்டியோட கம்ப்யூட்டர் அதை அடியோட நிறுத்திடும். செலவு பூஜ்யம், இன்ஜின் வண்டியையும் இழுத்துப் பிடிக்கும். நியூட்ரல்ல பாரம் மொத்தமும் பிரேக் மேல. அது சூடேறினா பிடிக்காது. அந்தக் கணவாயில எத்தனை லாரி அப்படிக் கவுந்திருக்குன்னு நம்மூர்க்காரங்களுக்குச் சொல்லணுமா? பழைய கார்புரேட்டர் வண்டிக்கு இந்த மிச்சம் கிடையாது, ஆனா அதுக்கும் நியூட்ரல் வேணாம்.

கிருஷ்ணகிரியிலிருந்து: ஓசூர் போறப்ப லிட்டருக்கு 15 கிலோமீட்டர், திரும்பி வர்றப்ப 20 கொடுக்குது. வண்டியில கோளாறா?

கோளாறு ரோட்டுலதான்! ஓசூர் நம்மளவிட ஏறக்குறைய 400 மீட்டர் உயரம். ஒரு டன் வண்டியை அவ்வளவு தூக்கவே கிட்டத்தட்ட அரை லிட்டர் பெட்ரோல் போகும். இறங்கறப்ப அதுல ஒரு பங்கு திரும்பக் கிடைக்குது. போக வர சேர்த்துக் கணக்குப் போடுங்க. சூளகிரி ஏத்தத்துல வண்டி திணறினா டாப் கியரைப் பிடிச்சுத் தொங்காம நாலாவதுக்கு வாங்க.

காவேரிப்பட்டணத்திலிருந்து: பைபாஸ்ல 100ல போனாலும் டாப் கியர்தானே அண்ணா, ஏன் மைலேஜ் குறையுது?

காத்து தள்ளுதும்மா. 80ல இருந்து 100க்குப் போனா காத்தோட எதிர்ப்பு ஒண்ணரை மடங்குக்கு மேல ஆகிடும். அதை எந்தக் கியராலும் சரிக்கட்ட முடியாது. 80லயே போங்க, டயர்ல காத்து சரியா இருக்கான்னு மாசம் ஒரு தடவை பாருங்க.

அரூரிலிருந்து: சிக்னல்ல ஹாஃப் கிளட்ச் (கிளட்சைப் பாதி மிதிச்சு) பிடிச்சு நிக்கலாமா?

கிளட்ச் பிளேட் உரசித் தேஞ்சு, மாத்த என்கிட்டதான் வருவீங்க. எனக்கு வருமானம், உங்களுக்கு வேணாம்.